மலையில் அண்ணன் பெயரை எழுத வேண்டாம்: நம் மலையேற்றக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செயற்குழுவினருக்கும், இந்த இரண்டு மூன்று வருஷத்தில் குழுவில் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. 1991இல், 19 வயதில் நான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். கல்யாணம், வேலை, முழங்கால் வலி என்று மலைக்கு வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது விடியற்காலை ஐந்து மணிக்கு வேலூர்க் கோட்டை வாசலுக்கு வந்துவிடுவேன். நம் குழுவைத் தொடங்கிய அண்ணனோடு நின்று ஒரு டீ குடித்து, ஏறப் போகிறவர்களை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். நீங்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவீர்கள். எங்கள் காலத்து ஆட்களுக்கு அவர் அண்ணன்தான். இந்த மடலிலும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் போய் ஐம்பது நாள் ஆகிறது.

காரியத்தன்று தெருமுனையில் நீங்கள் வைத்த பேனரைப் பார்த்தேன். பின்னால் ஒரு பனிமலை, முன்னால் அண்ணன் படம், மேலே ‘எவரெஸ்ட் நாயகன்’ என்று பெரிய எழுத்து. அன்பினால் வைத்ததுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அண்ணன் எவரெஸ்ட் ஏறவில்லை, ஏறப் போனதாக ஒருநாளும் சொன்னதும் இல்லை. அந்தப் பனிமலையும் அவர் பார்த்த மலை அல்ல. அவர் செய்த வேலை அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்துபோகிறதே என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதற்கு அப்புறம்தான் நினைவு மலையேற்றம் பற்றிய உங்கள் சுற்றறிக்கை வந்தது. மாசி கடைசி ஞாயிறு, ஜவ்வாது மலைமுகட்டுக்கு 300 பேர், எல்லாருக்கும் ஒரே நிற டீஷர்ட், உச்சிப் பாறையில் அண்ணன் பெயரையும் படத்தையும் செதுக்குவது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். ஏன் என்று சொல்ல, அவர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணன் தொலைபேசித் துறையில் லைன்மேன். கம்பம் ஏறுவதுதான் தொழில். இடுப்பில் பெல்ட், தோளில் கயிறு, கீழே நிற்பவன் மேலே இருப்பவனிடமிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்கிற பழக்கம், இது எல்லாம் அவருக்கு மலையிலிருந்து வரவில்லை, கம்பத்திலிருந்து வந்தது. அப்போது வட ஆற்காடு ஒரே மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அண்ணனுக்கு அந்த எல்லைகள் எதுவும் பொருட்டில்லை. லைன் போன இடமெல்லாம் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி. ஆலங்காயம் பக்கம் எந்த வளைவில் சுனை இருக்கிறது, ஏலகிரியில் சுவாமிமலைக்கு ஏறும்போது எந்த இடத்தில் பிள்ளைகள் வழி தப்புவார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

80களில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, விடுப்பு எடுத்து, காட்பாடியில் ரயில் ஏறி உத்தரகாசி போனார். அங்கே நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, 1965இல் தொடங்கியது. அதில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி. ஊருக்குப் பக்கத்தில் டேக்லா பாறைகளில் கயிறு கட்டிப் பழகுவது, அப்புறம் டொக்ரியானி பனியாற்றில் பனியில் நடப்பது. வேலூர் வெயிலில் வளர்ந்த மனிதர் முதன்முதலாகப் பனியைப் பார்த்தது அங்கேதான். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் பனியைப் பற்றிச் சொல்ல மாட்டார். ‘கயித்த மிதிக்கக் கூடாதுன்னு கத்துக்கினேன்’ என்பார். 2022 அக்டோபர் 4ஆம் தேதி, அதே நிறுவனத்துப் பயிற்சியாளர்களும் மாணவர்களுமாக 29 பேர் திரௌபதி கா தண்டா மலைச்சரிவில் பனிச்சரிவில் சிக்கிப் போனார்களே, அன்றைக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. ‘சின்னப் பசங்க’ என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

திரும்பி வந்து அவர் ஆரம்பித்ததுதான் நம் குழு. வேலூரில் எதற்கு மலையேற்றக் குழு என்று கேட்டவர்கள் அதிகம். நம் ஊரைப் பற்றி ஒரு வசனம் உண்டே, மன்னனில்லாக் கோட்டை, கடவுளில்லாக் கோயில், தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று. அதைச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்ப வந்து 1981லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பூஜை நடக்க ஆரம்பித்துவிட்டது, கோயிலுக்குக் கடவுள் வந்தாச்சு, மலைக்கு மட்டும் ஏன் மரம் வராது என்று கேட்பார். கேட்டதோடு விடாமல், ஒவ்வொரு ஆனி ஆடியிலும் புங்கன் விதையையும் வேப்பம் விதையையும் சாக்கில் கட்டிக்கொண்டு பாலமதிப் பக்கம் போவார். எத்தனை முளைத்தது என்று எனக்குத் தெரியாது. அவர் போனது மட்டும் தெரியும்.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1992 ஏப்ரலில் கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் சஜ்ஜரா மலைக்கோட்டைக்கு ஏறினோம். அன்று காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. காரணம் எளிது, பெண்களுக்கு எல்லாம் தெரிந்தது. பதினாறு ஆண்கள், மூன்று பெண்கள், மறைவில்லாத மொட்டைப் பாறை. குடித்தால் ஒதுங்க வேண்டியிருக்கும், ஒதுங்க இடமில்லை. ஒன்பது மணிக்குள்ளேயே பாறை அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. தலை சுற்றியது, வியர்வை நின்றுபோனது, இடிந்த மதிலோரம் விழுந்துவிட்டேன். அண்ணன் ஓடிவந்து நிழலுக்கு இழுத்துப் போட்டார். எல்லார் பாட்டிலையும் வாங்கி என் துப்பட்டாவை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைக்கச் சொன்னார். யாரோ வாயில் தண்ணீர் ஊற்ற வந்தபோது தடுத்தார், நினைவு சரியாக இல்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும் என்று. நான் பேர் சொல்லி, கிழமை சொல்லி, தானாகக் கையில் பாட்டிலைப் பிடித்த பிறகுதான் ஒவ்வொரு வாயாகக் குடிக்க விட்டார்.

இது வரைக்கும் பயிற்சி எடுத்த எவரும் செய்வார். அதற்கு அடுத்த வாரம் அவர் செய்ததைத்தான் நான் மறக்கவில்லை. அண்ணியைக் கூட்டிவந்தார். அண்ணி எங்கள் மூன்று பேரிடம் உட்கார்ந்து பேசினார், ஏன் குடிக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு ஏறத் தொடங்குமுன் அண்ணன் எல்லார் முன்னாலும், தொண்டையைக் கனைக்காமல், சாதாரணமாகச் சொன்னார்: முக்கால் மணிக்கு ஒருமுறை நிற்போம். நின்றதும் ஆண்கள் முன்னால் நடந்து அடுத்த திருப்பத்தைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும், பெண்கள் விசில் கொடுக்கிற வரை ஒருவரும் திரும்பக் கூடாது. விசில் எங்கள் கையில். 1992இல், வேலூரில். இன்றைக்குக் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கிறீர்கள். அந்த விசில் இல்லை என்றால் இத்தனை பேர் வந்திருக்க மாட்டோம் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

போன வாரம் அண்ணியைப் பார்க்கப் போனேன். அண்ணனின் நோட்டுகளை எடுத்துக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற நீள நோட்டு, 31 இருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு பக்கம். வந்தவர் பெயர், வீட்டில் சொல்ல வேண்டிய ஆளின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், வானிலை, எந்தக் கயிறு, யார் கடைசி ஆள். கடைசி ஆள் என்றால் உங்களுக்குத் தெரியும், வரிசையின் வாலில் வருபவர், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. புரட்டிக்கொண்டே போகும்போதுதான் ஒன்று உறைத்தது. 31 நோட்டில் எங்கேயும் உச்சியைத் தொட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை அடி, எத்தனை மணிக்கு மேலே சேர்ந்தோம், எதுவும் இல்லை. போனவர் எண்ணிக்கை, வந்தவர் எண்ணிக்கை, இரண்டும்தான் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோடு போட்டு எழுதியிருக்கிறது.

1996 ஐப்பசியில் ஒரு பக்கம்: ‘18 போனோம். 18 வந்தோம். மேலே போகவில்லை. இடி.’

அந்தப் பதினெட்டில் நானும் ஒருத்தி. பர்வதமலை. போகாதவர்களுக்குச் சொல்கிறேன், 4,500 அடிக்குப் பக்கத்தில் உயரம், உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். கடைசிப் பகுதியில் செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளை அடித்துச் சங்கிலி கோத்திருப்பார்கள், அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். சங்க காலத்து நவிரமலை இதுதான். மலைபடுகடாம் 583 அடியில் பாடுகிற நன்னன் நாடு இந்தப் பக்கம்தான். பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாசி மூடி வழுக்குகிற இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வரும். எங்கள் குழுவில் இருந்த தமிழாசிரியர் ஒருவர் மலையடிவாரத்தில் அதை வாசித்துப் பொருள் சொல்லுவார். அண்ணன் அதிகம் படித்தவர் இல்லை. ‘நம்ம வேலையதான் அப்பவே ஒருத்தரு பாத்திருக்காரு’ என்று சந்தோஷப்பட்டார்.

அன்று கடப்பாறைப் பகுதிக்குக் கீழே வந்து சேர்ந்தபோது மேற்கே கறுத்தது. ஒரு மின்னல். அண்ணன் உடனே வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். பதினைந்து எண்ணுவதற்குள் இடிச் சத்தம் வந்துவிட்டது. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி, அப்படியென்றால் மேகம் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முன்னால் இருப்பதோ பாறை முழுக்க இரும்பு. இறங்குங்க என்றார். உச்சி இன்னும் அரை மணி நேரம். திருச்சியிலிருந்து லீவு போட்டு வந்தவர் இருந்தார், வேண்டுதலுக்காக வந்தவர் இருந்தார். கெஞ்சினார்கள், சண்டை போட்டார்கள். கோயிலுக்குப் போகிறவனைத் தடுக்க நீ யார் என்றுகூட ஒருவர் கேட்டார். அண்ணன் பதில் பேசாமல் வரிசையைத் திருப்பி, தானே கடைசி ஆளாக நின்றுகொண்டார். பாதி தூரம் இறங்கும்போது மழை பிடித்தது. மேலே அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டோம். போயிருந்தாலும் பத்திரமாகத் திரும்பியிருக்கலாம்தான். அதைச் சொல்லிக் காட்டி இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அண்ணன் வருத்தப்பட்டார், ஆனால் தான் செய்தது சரி என்று வாதாடவும் இல்லை, தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த மாதம் அதே மலைக்கு மறுபடி கூட்டிப்போனார்.

கயிறு விஷயமும் அப்படித்தான். குழுவின் முதல் கயிறு, 10.5 மில்லிமீட்டர், எங்கள் எல்லார் காசும் சேர்த்து வாங்கியது. பத்து வருஷம் ஆனதும் ஒரு ஞாயிறு கோட்டை வாசலில் வைத்து அதைத் துண்டு துண்டாக வெட்டினார். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. எங்களுக்கு வயிறு எரிந்தது. நைலான் வெளியே தெரியாமல் உள்ளே நலியும், வெயில் அதைத் தின்னும், நம் ஊர் வெயில் இன்னும் வேகமாகத் தின்னும், பழைய கயிறு வீட்டில் இருந்தால் என்றைக்காவது எவனாவது எடுத்துக் கட்டிக்கொண்டு தொங்குவான் என்றார். ஆளுக்கு ஒரு முழம் கொடுத்தார், 8 வடிவ முடிச்சுப் போட்டுப் பழகுவதற்கு. என் துண்டு இன்னும் சமையலறை ஆணியில் தொங்குகிறது. பருப்பு வேகும் நேரத்தில் கை தானாக அதில் முடிச்சுப் போடும்.

ஜவ்வாது மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது அந்த மலையை. அங்கே போனால் அண்ணன் முதலில் போவது ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு. கூட வருகிற, அந்த மலையின் மலையாளிப் பழங்குடி ஆளுக்குக் கூலியை ஏறுமுன்னேயே கையில் கொடுத்துவிடுவார், நடக்கும்போது அவரைத்தான் முன்னால் விடுவார். திரும்பும்போது எல்லாரும் சாமையும் தேனும் வாங்க வேண்டும், பேரம் பேசக் கூடாது. காவலூர்ப் பக்கம் தங்கினால் இரவில் டார்ச்சை மேலே அடிக்க விட மாட்டார். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986இல் திறந்தது. அவர்களுக்கு இருட்டுதான் சோறு என்பார். வெளிச்சமில்லாமல் மல்லாந்து படுத்து நாங்கள் பார்த்த வானத்தை நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரி, இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன்.

மாசி கடைசி ஞாயிறு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியில் கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்த நாள், அதுவும் மாசி கடைசி ஞாயிறுதான். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தை முடிந்ததும் மலையில் புல் காய்ந்து முறமுறவென்று நிற்கும். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி ஓடும், சூடு மேலே போய் அடுத்த புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும், அதனால் ஓடுகிற மனிதனை விட வேகமாக ஏறும். பயத்தில் எல்லாரும் மேலேதான் ஓடுவார்கள். அண்ணன் அதனால்தான் குரங்கணிக்கு வெகு காலம் முன்பே மாசி முதல் சித்திரை முடிய புல் மலைகளுக்குக் கூட்டிப்போக மாட்டார், மொட்டைப் பாறைகளில் கயிற்றுப் பயிற்சி மட்டும்தான். குரங்கணிக்குப் பிறகு பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போனார். அந்த வருஷமே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி எழுத்தில் கைக்கு வராமல் அதற்கப்புறம் ஒரு நடைகூட அவர் வைத்ததில்லை. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்திலும் காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். அவர் நினைவாக நாம் அந்த மாதத்தில், அந்த மலைக்கு, 300 பேரைக் கூட்டிப்போவதா? 300 பேரை யார் எண்ணுவது? ஒரு கடைசி ஆளுக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்பது அவர் வைத்த கணக்கு. நம்மிடம் பழகிய கடைசி ஆட்கள் பதினைந்து பேர் இருக்கிறார்களா? நான் எண்ணிப் பார்த்தேன், ஆறு பேர்.

செதுக்குவதைப் பற்றி. சஜ்ஜரா மலைப் பாறைகளில் பெயின்டில் எழுதிய பெயர்களைக் கம்பிப் பிரஷ் வைத்து அவர் தேய்த்ததை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள், கூடவே தேய்த்தும் இருக்கிறீர்கள். ஒருமுறை வள்ளிமலையில், சமணக் குகைக்கு முன்னால் ஒரு பையன் கேட்டான், ராஜா மட்டும் பாறையில் பேர் வெட்டலாமா அண்ணா என்று. அங்கே கங்க மன்னன் இராசமல்லனின் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது, 9ஆம் நூற்றாண்டு. அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘அவரு இங்க கோயில் கட்டினேன்னு எழுதிவச்சாரு. நீ இன்னா கட்டின, வந்துட்டுப் போனேன்னுதான எழுதப் போற?’ அந்தப் பையன் இன்று செயற்குழுவில் இருக்கிறான். தம்பி, உனக்கு இது ஞாபகம் இருக்கும்.

நினைவு மலையேற்றத்துக்கு வசூலான பணத்தை என்ன செய்யலாம் என்று அண்ணியைக் கேட்டேன். அவர் கயிறு என்றார். இப்போது இருக்கிற கயிற்றுக்கு வருகிற ஆவணியில் பத்து வருஷம் முடிகிறது, பதிவேட்டில் அண்ணன் கையெழுத்தில் இருக்கிறது. 60 மீட்டரில் இரண்டு கயிறு, நல்ல தலைக்கவசங்கள். மீதிப் பணத்தில் ஜவ்வாது மலை ஊர்களில் நம்மோடு நடக்கிற இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சி. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையை காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவருவது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. டீஷர்ட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும், நான் தருகிறேன். நினைவு நடை வேண்டும்தான், எனக்கும் ஆசைதான். ஐப்பசியில் வைத்துக்கொள்வோம், பர்வதமலைக்கு, பதினெட்டுப் பேராக, எத்தனை ஞாயிறு ஆனாலும் முறை வைத்துப் போவோம். இடி இடித்தால் திரும்பிவிடுவோம்.

நோட்டுகளை ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டலாம் என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். 30 நோட்டை அப்படி வையுங்கள். 31ஆவது பாதிதான் எழுதியிருக்கிறது. அதை அண்ணி என்னிடம் கொடுத்திருக்கிறார், யார் எழுதுவது என்று குழு முடிவு செய்யட்டும். என் விருப்பம், புதிதாக வந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தி எழுத வேண்டும்.

வருகிற ஞாயிறு சஜ்ஜரா மலைக்கு. பொங்கல் விடுமுறையில் யாரோ புதிதாக நாலு பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், மதிலுக்குக் கீழே இரண்டாவது பாறையில். கம்பிப் பிரஷ் என்னிடம் மூன்று இருக்கிறது. முழங்கால் விடுகிற வரைக்கும் நானும் ஏறுகிறேன். கோட்டை வாசலில் ஐந்து மணி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி. சனிக்கிழமை இரவுக்குள் உங்கள் பெயரையும் வீட்டில் சொல்ல வேண்டிய ஆளின் பெயரையும் சொல்லிவிடுங்கள். ஒன்பது மணிக்குள் எல்லாரும் இறங்கியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
காட்பாடி